கையால் காயில் கட்டும் அடாமைசர்: முதன்முறை வாங்குபவர்கள் கேட்பவை

தெற்கு லண்டனில் ஒரு வேப் (மின் சிகரெட்) கடையில் நான்கு வருடம் சனி, ஞாயிறு வேலை பார்த்தேன். அதற்கு முன் பதினைந்து வருடம் சிகரெட். கடையில் தமிழ் பேசும் ஆள் ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்ததும், ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளையெல்லாம் நம் ஆட்கள் என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். விலையும் சட்டமும் பிரிட்டனுக்கு உரியவை. சிகரெட்டை விட்டு வேப்புக்கு வந்துவிட்ட, 18 வயது நிறைந்தவர்களுக்காக எழுதியது. சிகரெட்டே தொடாதவர் இதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அடாமைசரைக் “கட்டுவது” என்றால் என்ன?

அடாமைசர் என்பது வேப்பில் திரவத்தை ஆவியாக்கும் பாகம். ஹாஸ்டலில் காயில் ஸ்டவ் பார்த்திருப்பீர்கள். களிமண் தட்டில் சுருள் கம்பி, கரண்ட் பாய்ந்தால் சிவக்கும். கம்பி அறுந்தால் புது ஸ்டவ் வாங்க மாட்டோம். இரண்டு ரூபாய்க்குக் கம்பி வாங்கிச் சொருகிக்கொள்வோம். அதேதான் இது, அளவில் சுண்டுவிரல் நகம். சுருளின் (அதுதான் காயில்) நடுவே பஞ்சு, பஞ்சில் திரவம், சுருள் சூடானால் ஆவி. கடையில் கிடைக்கும் சாதாரண டேங்க்கில் இந்தச் சுருளும் பஞ்சும் ஒரு குப்பிக்குள் அடைத்தே வரும். கருகினால் குப்பியோடு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். கையால் கட்டும் அடாமைசரில் இரண்டு கம்பமும் இரண்டு திருகும் உள்ள ஒரு சின்ன மேடைதான் இருக்கும். அதை டெக் என்பார்கள். கம்பி உங்களுடையது, பஞ்சும் உங்களுடையது.

ஆர்.டி.ஏ. (RDA), ஆர்.டி.ஏ. (RTA) என்று இரண்டு வகை சொல்கிறார்களே, ஒரே பெயர்தானே?

இல்லை, நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குழப்பத்தைத் தவிர்க்க நான் டிரிப்பர், டேங்க் என்றே சொல்கிறேன். டிரிப்பரில் திரவத்துக்குத் தொட்டி கிடையாது. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மேலே இருந்து சொட்டு விட வேண்டும். டேங்க்கில் டெக்கைச் சுற்றிக் கண்ணாடித் தொட்டி உண்டு, பஞ்சின் வால்கள் அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் கலந்த மூன்றாவது வகையும் உண்டு. முதல் முறைக்கு அதை மறந்துவிடுங்கள்.

அண்ணே, நீட்டி முழக்காம ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதை வாங்கட்டும்?

ஒற்றைக் காயில், சிகரெட் இழுப்பு, மேலிருந்து நிரப்பும் டேங்க். விட்டம் 22 அல்லது 24 மி.மீ.

சிகரெட் இழுப்பு என்றால் புகையை முதலில் வாயில் சேர்த்து, பிறகு நெஞ்சுக்குள் இறக்குவது. நாம் பழகியது அதுதான். இன்னொன்று ஹுக்கா போல நேராக நெஞ்சுக்குள் இழுப்பது. அதற்குத் தடித்த கம்பி, பெரிய காற்றுத் துளை, நிறைய வாட். மேகம் மேகமாக வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

ஆனால் சிக்கனம் பார்ப்பவர் விலைச்சீட்டை மட்டும் பார்த்து ஏமாறுகிற இடமே இதுதான். கடையில் மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரட்டைக் காயில் டிரிப்பர். பதினைந்து பவுண்டுக்கு வாங்கிப் போனவர் இரண்டு வாரத்தில் வந்து, “திரவம் தண்ணியா செலவாகுதே” என்பார். நேராக நெஞ்சுக்கு இழுப்பவர் நாளைக்கு 10 மி.லி. குடித்துத் தீர்ப்பது சாதாரணம். சிகரெட் இழுப்பில் எனக்கு 3 மி.லி. போதும். மாதத்துக்கு 300 எங்கே, 90 எங்கே!

இதோடு வரியையும் சேருங்கள். பிரிட்டனில் வேப் திரவத்துக்கு 10 மி.லி.க்கு 2.20 பவுண்ட் என்று தனி வரி, 2026 அக்டோபர் 1 அதற்கான தேதி. நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. 300 மி.லி. குடிப்பவருக்கு வரி மட்டுமே மாதம் 66 பவுண்ட். 90 மி.லி. குடிப்பவருக்கு 19.80. இதன் மேல் மதிப்புக் கூட்டு வரி வேறு. அடாமைசர் விலையில் பத்து பவுண்ட் கூடக் குறைய இருப்பதெல்லாம் இதற்கு முன்னால் பேச்சே இல்லை. வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதன் தாகத்தைப் பாருங்கள்.

கையால் கட்டினால் உண்மையிலேயே காசு மிச்சமாகுமா?

ஆகும், ஆனால் ஊரில் சொல்கிற அளவுக்கு இல்லை. ரெடிமேட் காயில் ஐந்து உள்ள பெட்டி நான் இருந்த கடையில் பன்னிரண்டு பவுண்ட் அளவில் இருந்தது, ஒன்றுக்கு 2.40. ஒன்று பத்து நாள் வரும். பத்து மீட்டர் கம்பிச் சுருள் நான்கு பவுண்ட். ஒரு காயிலுக்குக் கால்களோடு பத்து சென்டிமீட்டர் எடுத்தால் நூறு காயில், ஒன்று நான்கு பென்னி. பஞ்சு அதைவிடக் குறைவு. கணக்குப் போட்டால் மாதம் ஏழு பவுண்ட் மிச்சம். டேங்க்குக்கும் கருவிகளுக்கும் போட்ட முதல் திரும்ப ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் இன்னும் இரண்டு டேங்க் வாங்காமல் இருந்தால். (வாங்குவீர்கள். எல்லோரும் வாங்குகிறார்கள்.)

மொத்தமாக எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கையில் ஒன்றுமே இல்லாமல் ஆரம்பித்தால் தொண்ணூறு, நூறு பவுண்ட். டேங்க் 25, ஒரு பேட்டரி போடும் மாட் (அடாமைசருக்கு மின்சாரம் கொடுக்கும் அடிப்பெட்டி) 30 முதல் 35, நல்ல 18650 பேட்டரி இரண்டு 12, தனி சார்ஜர் 12, கம்பி, பஞ்சு, கருவிகள் சேர்ந்து 15. என் கடைக் கணக்கு இது, உங்கள் ஊரில் ஐந்து பத்து மாறும். காசு இடிக்கிறதென்றால் டேங்க்கில் குறையுங்கள். பேட்டரியிலும் மாட்டிலும் குறைக்காதீர்கள். டேங்க் மட்டமாக இருந்தால் ஒழுகும், பேட்டரி மட்டமாக இருந்தால் வெடிக்கும்.

கருவிகள் என்னென்ன?

சின்ன திருப்புளி, நுனி கூர்மையான கம்பி வெட்டி, செராமிக் முனை இடுக்கி, 2.5 மி.மீ. தடிமனுள்ள துரப்பண ஊசி (டிரில் பிட்) அல்லது காயில் சுற்றும் குச்சி, பஞ்சு வெட்ட ஒரு கத்தரிக்கோல். இதில் செராமிக் இடுக்கி ஒன்றுதான் வீட்டில் இருக்காது. சாதாரண இரும்பு இடுக்கியால் சூடான காயிலை அழுத்தினால் மின்சாரம் குறுக்கே பாயும், அதனால்தான் செராமிக்.

பெயர் சொல்லுங்கள், எந்த மாடல்?

மாடல்கள் வரும் போகும். நான் சொல்பவை புதிதாகக் கிடைக்காவிட்டாலும் கைமாறிக் கிடைக்கும். இன்னோகின் ஏரீஸ் சிகரெட் இழுப்புக்கு என்றே வந்த டேங்க். வேப் உலகில் பெயர் பெற்ற ஃபில் புசார்டோவும் டிமிட்ரிஸ் அக்ராஃபியோட்டிஸும் சேர்ந்து வடிவமைத்தது. டெக் விசாலம், பஞ்சு வைக்கும் பள்ளம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தப்பு செய்தாலும் மன்னிக்கும் டேங்க் என்று நான் அதைச் சொல்வேன். வாண்டி வேப் பெர்சர்கர் இன்னொன்று. காற்று இறுக்கத்தை மாற்ற வெவ்வேறு துளையுள்ள சின்னக் குழாய்கள் கூடவே வரும். ஆனால் அந்தக் குழாய்கள் கம்பளத்தில் விழுந்தால் தேடி மாளாது.

ஒழுகல் பயம் அதிகம் உள்ளவருக்கு கீக்வேப் ஜீயஸ். அதில் காற்று மேல்பக்கம் நுழைவதால் கீழே கசிய வழி குறைவு. அது சிகரெட் இழுப்புக்கு ஆனதல்ல, தாகமும் அதிகம்.

டிரிப்பர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஊமியர் வாஸ்ப் நானோ. 22 மி.மீ., ஒற்றைக் காயில், மலிவு. கட்டிப் பழகுவதற்கு டிரிப்பர் நல்ல வாத்தியார் என்பதை மறுக்க மாட்டேன். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண் முன்னால் இருக்கும், பஞ்சு தப்பானால் உடனே தெரியும். வீட்டில் உட்கார்ந்து பிடிப்பவருக்குச் சரி. பஸ்ஸில் போகும்போது சொட்டு விட்டுப் பாருங்கள், ஏன் டேங்க் சொன்னேன் என்று புரியும்.

ஜெர்மனியில் செய்யும் கேஃபன் போன்ற நூறு யூரோவுக்கு மேற்பட்டவை? அருமையான பொருள். இப்போது வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு பாட் கிட் வைத்திருக்கிறேன். அதில் மாட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. அடாமைசரின் அடியில் இருக்கும் திருகுமறை 510 என்ற அளவு. ஜாய்டெக் கம்பெனியின் பழைய 510 என்ற மாடலிலிருந்து வந்த பெயர். மாட்டின் தலையிலும் அதே மறை இருந்தால் எந்த அடாமைசரும் எந்த மாட்டிலும் உட்காரும். பாட் கிட்டில் காந்தத்தால் ஒட்டும் பாட் என்ற திரவக் குப்பிதான் இருக்கும், மறை இருக்காது. மறை இருந்தால் விட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 22 மி.மீ. அகல மாட்டில் 24 மி.மீ. டேங்க் வைத்தால் வேலை செய்யும், விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

மெக்கானிக்கல் மாட் மலிவாக இருக்கிறதே?

வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன். அதில் சர்க்யூட்டே கிடையாது. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு பொத்தான் மட்டும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். நீங்கள் கட்டிய காயில் 0.15 ஓம் என்று வந்தால் 4.2-ஐ 0.15-ஆல் வகுங்கள், 28 ஆம்பியர். நல்ல 18650 பேட்டரிகளே தொடர்ந்து பெரும்பாலும் 15 முதல் 25 ஆம்பியர் வரைதான் தாங்கும். காயிலின் கால் தெரியாமல் மூடியைத் தொட்டால் கணக்கே இல்லை, நேரடி ஷார்ட். சர்க்யூட் உள்ள மாட்டில் அதே தப்பைச் செய்தால் திரையில் “ஷார்ட்” என்று எழுத்து வரும், அதோடு முடிந்தது. என் முதல் காயிலுக்கு அந்த எழுத்துதான் வந்தது. கால் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

பேட்டரியில் எதைப் பார்க்க வேண்டும்?

18650 என்பது அளவு, 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். சாம்சங் 25ஆர், சோனி விடிசி5ஏ, மோலிசெல் பி26ஏ, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. பெயர் தெரியாத உறையில் 5,000, 6,000, 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் கையில் எடுக்காதீர்கள். இந்த அளவு பேட்டரிக்குள் அவ்வளவு கொள்ளளவு கிடையாது, அது டார்ச் லைட்டுக்கு வரும் போலி. தெரிந்த வேப் கடையில் வாங்குங்கள், ஆன்லைன் சந்தையில் முகம் தெரியாதவரிடம் வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை கீறியிருந்தால் அந்தப் பேட்டரியைப் போடாதீர்கள். உறை மாற்றிக் கொடுக்கச் சில பென்னிதான் ஆகும். உபரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பாக்கெட்டில் போட்டு ஒருவர் கடைக்கு வந்தார். “ஏதோ சுடுதே” என்று அவர் எடுத்து மேஜையில் போட்டபோது சாவி நுனி கறுத்திருந்தது. அன்றைக்கு அவருக்கு அதிர்ஷ்டம். ஒரு பவுண்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, அதில் போட்டு வையுங்கள்.

எந்தக் கம்பி?

காந்தல் ஏ1, 28 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு). இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. அடங்கிப் போகும் கம்பி, சுற்றின இடத்தில் நிற்கும், விலையும் குறைவு. நிக்கல் 80 கொஞ்சம் வேகமாகச் சூடாகும், அதுவும் நல்லதுதான், நிக்கல் ஒவ்வாமை இல்லாதவருக்கு. சுத்த நிக்கல், டைட்டானியம் இரண்டும் வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு மட்டும் உரியவை. சாதாரண வாட் முறையில் அவற்றைப் போடக் கூடாது. பின்னல் பின்னலாக அழகாக வரும் ரெடிமேட் சுருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பீர்கள். அவையெல்லாம் அந்த 10 மி.லி. கோஷ்டிக்கு.

சுற்றுவது எப்படி? எனக்குக் கை நடுங்கும்.

நடுங்கட்டும். பத்து சென்டிமீட்டர் கம்பி வெட்டுங்கள். கம்பியின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் ஊசியோடு சேர்த்துப் பிடித்து, மறு நுனியை இழுத்தபடியே ஆறு சுற்று சுற்றுங்கள். இழுப்பு விடக் கூடாது, அதுதான் முக்கியம். தளர்ந்தால் சுருள்கள் விலகும். இரண்டு கால்களும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது டெக்கைப் பொறுத்தது. ஊசியோடு டெக்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வளையுங்கள். கால்களைத் துளையில் விட்டுத் திருகுங்கள். இறுக்கிப் பிழிய வேண்டாம், கம்பி அறுந்துவிடும். ஊசி இன்னும் உள்ளேயே இருக்கும்போது காயிலை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்றுத் துளைக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள். பிறகு ஊசியை உருவி, துருத்திய கால்களை ஒட்ட வெட்டுங்கள்.

இப்போது மாட்டில் மாட்டினால் திரை 1.1 ஓம் அருகே காட்ட வேண்டும். கணக்கு இதுதான்: 28 கேஜ் காந்தல் மீட்டருக்குச் சுமார் 18 ஓம், ஆறு சுற்றும் கால்களும் சேர்ந்து ஆறு சென்டிமீட்டர் சொச்சம். 1.0 வந்தாலும் 1.2 வந்தாலும் குடிமுழுகிப் போகாது. எண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் திருகு தளர்வு. 0.2 என்று வந்தால் எங்கோ தொடுகிறது, பொத்தானை அழுத்தாதீர்கள்.

அடுத்தது எனக்குப் பிடித்த கட்டம். மாட்டைப் பத்து வாட்டில் வைத்து, பஞ்சு இல்லாமல், பொத்தானை ஒரு நொடி அழுத்தி விடுங்கள். முதல் தடவை ஒரு ஓரச் சுற்று மட்டும் பளிச்சென்று எரியும், மற்றவை சும்மா இருக்கும். செராமிக் இடுக்கியின் நுனியால் சுருளை வீணைத் தந்தி மாதிரி மெல்ல வருடி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஐந்தாறு முறையில் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் மங்கிய சிவப்பு கிளம்பி இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பரவும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சூடாக இருக்கும்போது விரலால் தொடாதீர்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் ஆள்காட்டி விரலில் ஆறு கோடு விழுந்த கதை உண்டு.

பஞ்சு எவ்வளவு வைக்க வேண்டும்?

தோற்றவர்களில் பாதிப்பேர் தோற்பது இங்கேதான்.

அம்மா கார்த்திகைக்குத் திரி உருட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? இறுக்கி முறுக்கினால் எண்ணெய் ஏறாது, திரி கருகும். தொளதொளவென்று விட்டால் நிற்காமல் எண்ணெயில் விழுந்து கிடக்கும். இதுவும் திரிதான். இயற்கைப் பஞ்சில், நாரின் போக்கிலேயே ஒரு பட்டை வெட்டுங்கள். ஒரு நுனியைக் கூராக உருட்டிக் காயிலுக்குள் நுழைத்து இழுங்கள். இழுக்கும்போது காயில் கூடவே நகர்ந்தால் பஞ்சு அதிகம். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கி வந்தால் குறைவு. காயில் நின்ற இடத்திலேயே நிற்க, பஞ்சு மட்டும் உரசிக்கொண்டு வர வேண்டும்.

வெளியே நிற்கும் இரண்டு வால்களை டெக்கின் விளிம்பு அளவுக்குச் சாய்வாக வெட்டி, ஊசி நுனியால் சீப்பு வாருவது போல வாரி, கனத்தைப் பாதியாக்குங்கள். வால்கள் பள்ளத்தில் உட்கார வேண்டும், திணிக்கப்படக் கூடாது. பள்ளத்தின் வாய் மூடியிருக்க வேண்டும், அடைத்திருக்கக் கூடாது. இந்த வித்தியாசம் எழுத்தில் வராது. நான்கைந்து முறை வெட்டிப் பார்த்தால் கைக்கு வந்துவிடும். பஞ்சு மலிவு, கணக்குப் பார்க்காமல் வெட்டுங்கள்.

பிறகு பஞ்சிலும் காயிலிலும் திரவத்தைச் சொட்டு விட்டு முழுக்க நனைத்து, அதன் பிறகே மூட வேண்டும்.

ஒழுகுகிறது. / கருகல் வாசம் வருகிறது.

இரண்டு கேள்வி, ஒரே பதில் தலைகீழாக. ஒழுகினால் வால்கள் குறைவு, அல்லது பள்ளத்தை மூடவில்லை. கருகினால் வால்கள் அதிகம், திரவம் ஏற வழியில்லை. அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ரப்பர் வளையங்கள். பிசகியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ காற்று புகும், திரவம் இறங்கும். மூடியைத் திறந்து நிரப்பும்போது காற்றுத் துளையை அடைத்துவிட்டு நிரப்புங்கள். மூடிய பிறகு டேங்க்கைக் கவிழ்த்துத் துளையைத் திறங்கள்.

கருகல் சுவை வந்தால் “பரவாயில்லை, தீரட்டும்” என்று தொடர்ந்து இழுக்காதீர்கள். காய்ந்த பஞ்சில் சூடு ஏறும்போதுதான் ஃபார்மால்டிஹைடு போன்றவை அதிகமாக உண்டாகின்றன.

எத்தனை வாட்?

1.1 ஓம் காயிலுக்கு 11-இல் தொடங்கி, அரை அரையாக ஏற்றி, சுவை நன்றாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எனக்கு 14.

எந்தத் திரவம், எவ்வளவு நிக்கோடின்?

சிகரெட் இழுப்புக்கு வி.ஜி. (தாவரக் கிளிசரின்), பி.ஜி. (புரொப்பிலீன் கிளைகோல்) பாதிக்குப் பாதி. வி.ஜி. அதிகமானால் தேன் மாதிரி கனமாகி, சின்னப் பள்ளத்தில் ஏறாது. நிக்கோடின் மி.லி.க்கு 12 அல்லது 18 மி.கி. ஒரு நாள் ஒரு பாக்கெட் பிடித்தவர் 18-இல் தொடங்கலாம். பிரிட்டனில் சட்ட உச்சவரம்பு 20, நிக்கோடின் உள்ள பாட்டில் 10 மி.லி.க்கு மேல் விற்கக் கூடாது.

பெரிய பாட்டிலில் நிக்கோடின் இல்லாமல் வரும் ஷார்ட்ஃபில் மலிவாகத் தெரியும். 50 மி.லி.யில் 18 மி.கி. நிக் ஷாட் (10 மி.லி. நிக்கோடின் பாட்டில்) ஒன்று கலந்தால் மொத்தம் 60 மி.லி., செறிவு வெறும் 3 மி.கி. மேகம் விடுபவருக்குப் போதும், சிகரெட் இழுப்புக்குப் போதாது. போதாததால் கை அடிக்கடி வாய்க்குப் போகும், பாட்டில் சீக்கிரம் காலியாகும். மறுபக்கம், 20 மி.கி. நிக் சால்ட் (நிக்கோடின் உப்பு) திரவத்தைப் பெரிய காற்றுத் துளை டேங்க்கில் ஊற்றி இழுத்தால் தலை சுற்றி வாந்தி வரும். பார்த்திருக்கிறேன்.

டேங்க்கில் 2 மி.லி.தான் பிடிக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இங்கே சட்டப்படி டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது. சிகரெட் இழுப்பு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்பினால் முடிந்தது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பஞ்சு, சுவை மங்கினால். இனிப்பு அதிகமுள்ள திரவம் என்றால் மூன்று நாள், இல்லாவிட்டால் ஒரு வாரம், பத்து நாள். காயிலைப் பஞ்சில்லாமல் சிவக்க எரித்துக் கரியைப் போக்கி மறுபடி பயன்படுத்தச் சொல்வார்கள். நான்கு பென்னி கம்பிக்கு அந்த மெனக்கெடு எதற்கு? புதிது சுற்றுங்கள், கையும் பழகும்.

புது டேங்க்கைப் பிரித்து, வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவி, காயவைத்த பிறகே கட்டுங்கள். கடைசல் எந்திரத்தின் எண்ணெய் திருகுமறைகளில் ஒட்டியிருக்கும்.

கைமாறியது வாங்கலாமா? நகல் வாங்கலாமா?

கைமாறிய டேங்க் நல்ல யோசனை. உலோகமும் கண்ணாடியும்தானே, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் புதிது. வாங்கும் முன் இரண்டு திருகையும் முழுதாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தலை தேய்ந்து திருப்புளி வழுக்கினால் விட்டுவிடுங்கள். கண்ணாடியும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்கிற மாடலா என்றும் பாருங்கள். கைமாறிய பேட்டரி மட்டும் கூடவே கூடாது. நகல்களில் சில அசலைப் போலவே இழுக்கும். ஆனால் அதே விலைக்கு நியாயமான அசல் டேங்க்குகள் இருக்கும்போது நகலுக்குப் போவானேன்?

இதெல்லாம் உடம்புக்கு நல்லதா?

நல்லது என்று யாரும் சொல்லவில்லை. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல, புகைக்காதவர் தொடங்கக் கூடாது என்பதுதான் இங்கே தேசிய சுகாதார சேவை சொல்வது. நிக்கோடின் அடிமைப்படுத்தும், அது எந்த வடிவிலும் அப்படித்தான். கர்ப்பிணி, இதய நோயாளி என்றால் கடைக்காரனிடம் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள். திரவ பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

இந்தியாவுக்கு வேண்டாம். 2019-இல் வந்த மின் சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. இறக்குமதி என்றால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். “சொந்த உபயோகத்துக்கு ஒண்ணுதான் சார்” என்று மீனம்பாக்கத்தில் பின்னிரவு இரண்டு மணிக்குச் சுங்க அதிகாரியிடம் சட்டம் பேச உங்களுக்கு விருப்பம் இருக்காது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதும் பிடிப்பதுமே குற்றம். அந்த வழியாக டிக்கெட் போட்டிருந்தாலும் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஊருக்குப் போகும்போது நிக்கோடின் சூயிங்கம்தான்.

அனுமதி உள்ள நாடு என்றால் மாட்டும் பேட்டரியும் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. டேங்க்கைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்து எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஒரு மாதம் ஆயிற்று, ஒழுகவில்லை, நன்றாக இருக்கிறது. அடுத்து எதை வாங்கலாம்?

உங்கள் டேங்க்குக்கு உபரிக் கண்ணாடி ஒன்று, ரப்பர் வளையம் ஒரு பாக்கெட். கண்ணாடி உடைவது எப்போதும் ஞாயிறு மாலை கடை சாத்திய பிறகுதான்.